எச்சரிக்கைச் சீட்டு கொடுத்த பிறகு நாயை வரவழைக்கலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எட்டு வருடமாக டாலஸில் இருக்கிறேன் மேடம். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைப் போன மாதம் ஒரு சனிக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்கு அழைத்துப் போனோம். இன்டர்ஸ்டேட் 45-இல் சிக்னல் போடாமல் லேன் மாறினேன் என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். எல்லாம் பார்த்துவிட்டு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுத்தார். அப்புறம், காரில் போதைப்பொருள் இருக்கிறதா, சோதித்துப் பார்க்கட்டுமா என்றார். சம்மதமில்லை என்றேன். "நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள், நாய் வரும், அதுவரை இருங்கள்" என்றார். 25 நிமிடம் கழித்து நாய் வந்தது, காரைச் சுற்றியது, பின்கதவுப் பக்கம் உட்கார்ந்தது. உடனே எல்லாரையும் இறக்கி, டிக்கியிலிருந்த பைகளையெல்லாம் கொட்டினார்கள். அப்பாவின் லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்தார்கள், திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள். இது சட்டப்படி சரியா? "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன, முதலிலேயே சரி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்குமே" என்கிறார் அப்பா. என் மச்சானோ நாய் மோந்துவிட்டால் எந்தக் கோர்ட்டிலும் பேச முடியாது என்கிறார். கிரீன் கார்டுக்கு இதனால் பாதிப்பு வருமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 68 வயது மனிதர், சர்க்கரை நோயாளி, செருப்புகூடப் போட்டுக்கொள்ளாமல் நெடுஞ்சாலை ஓரப் புல்லில் முக்கால் மணி நேரம் நின்றார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இந்த டெக்சாஸ் மாநிலத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்று வாதாடுகிறேன், இப்படிச் சாலையோரத்தில் நின்ற எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன், இன்னும் பழகவில்லை.

முதலில் நேரடியான பதில். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால், அந்த 25 நிமிடக் காத்திருப்பு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று வலுவாக வாதாடலாம். நாய் மோந்தது பெரிய தப்பில்லை. நாய் வரும்வரை உங்களைப் பிடித்து வைத்ததுதான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் உங்கள் மச்சான் மட்டுமல்ல, பல பேர், சில போலீஸ்காரர்களும்கூட, குழப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், 1791-இலிருந்து நடைமுறையில் இருப்பது, காரணமில்லாமல் ஒருவரைச் சோதிக்கக்கூடாது, பிடித்து வைக்கவும் கூடாது என்கிறது. ஆக, கேள்விகள் இரண்டு. நாய் மோப்பம் பிடிப்பது 'சோதனை'யா? அதற்காக உங்களை நிறுத்தி வைப்பது 'பிடித்து வைத்தல்' ஆகுமா?

முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1983-இலேயே பதில் சொல்லிவிட்டது. மயாமியிலிருந்து நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிளேஸ் என்பவரின் பெட்டிகளைப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் எடுத்துக்கொண்டு, கென்னடி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கே நாயை விட்டு மோக்க வைத்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை, உள்ளே கடத்தல் சரக்கு உண்டா இல்லையா என்பதைத் தவிர நாயின் மூக்கு வேறெதையும் சொல்லாது, எனவே இது சோதனையே ஆகாது என்றது நீதிமன்றம். உங்கள் மச்சான் பிடித்துக்கொண்டிருப்பது இந்தப் பாதியை. மீதிப் பாதியையும் அவருக்குச் சொல்லுங்கள்: அந்த வழக்கில் ஜெயித்தது பிளேஸ். பெட்டிக்குள் ஒரு கிலோவுக்கும் மேல் கொக்கெய்ன் இருந்தும் தண்டனை நிற்கவில்லை. ஏன்? நாய் வந்து மோக்கும்வரை 90 நிமிடம் பெட்டிகளைப் பிடித்து வைத்தது அளவுக்கு மீறியது என்பதால். முதல் வழக்கிலேயே மூக்குக்கு அனுமதி கொடுத்த கையோடு கடிகாரத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

கார் விஷயம் 2005-இல் வந்தது. இல்லினாய் நெடுஞ்சாலையில் 65 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 71-இல் போன கபயேஸ் என்பவரை ஒரு அதிகாரி நிறுத்தினார். அவர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே, ரேடியோவில் கேட்டுவிட்டு இன்னொரு அதிகாரி நாயோடு வந்து காரைச் சுற்ற வைத்தார். டிக்கியில் கஞ்சா. மொத்தம் பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டு எழுத ஆகும் நேரத்துக்குள்ளேயே நாயும் வந்துபோனதால் அது செல்லும் என்றார்கள். உங்கள் போலீஸ்காரர் சீட்டு எழுதும்போதே நாய் வந்திருந்தால், எனக்கு எவ்வளவு பிடிக்காவிட்டாலும், சட்டப்படி நான் சொல்லக்கூடியது குறைவாகத்தான் இருந்திருக்கும்.

உங்களுக்கு வேண்டிய வழக்கு 2015-ஐச் சேர்ந்தது, ரோட்ரிகஸ் வழக்கு. படித்தால் உங்கள் கதை மாதிரியே இருக்கும். நெப்ராஸ்காவில் நள்ளிரவு தாண்டிய நேரம், சாலையோரக் கோட்டைத் தாண்டி ஒதுங்கினார் என்று காரை நிறுத்துகிறார்கள். ஆவணங்களைப் பார்த்து எச்சரிக்கைச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம், நாயைச் சுற்ற விடட்டுமா என்று கேட்கிறார் அதிகாரி. ரோட்ரிகஸ் மறுக்கிறார். இன்னொரு அதிகாரி வரும்வரை நிறுத்தி வைத்து நாயை விடுகிறார்கள். சீட்டு கொடுத்ததற்கும் நாய் காட்டிக்கொடுத்ததற்கும் நடுவே ஏழெட்டு நிமிடம்தான். கீழ் நீதிமன்றங்கள் "சின்னத் தாமதம்தானே" என்று விட்டுவிட்டன. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மறுத்தது, நீதிபதி கின்ஸ்பெர்க் எழுதினார். போக்குவரத்துத் தவறுக்காக நிறுத்தினால் அந்த வேலை முடியும் வரைதான் அதிகாரம், லைசென்ஸ் பார்ப்பது, வாரண்ட் உண்டா என்று பார்ப்பது, இன்ஷூரன்ஸ் பார்ப்பது, சீட்டு எழுதுவது, அவ்வளவுதான். அது முடிந்த பிறகு நாய்க்காக நிறுத்தி வைக்கக் குற்றம் நடக்கிறது என்ற நியாயமான சந்தேகம் தனியாக வேண்டும். ஏழெட்டு நிமிடத்துக்கே இந்தக் கண்டிப்பு என்றால் 25 நிமிடத்துக்கு என்ன சொல்வது.

ஒன்றை மறைக்கக்கூடாது. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த ரோட்ரிகஸுக்குக் கடைசியில் பலன் கிடைக்கவில்லை. வழக்கு திரும்பிப் போனபோது, அன்றைக்கு அந்தப் பகுதியில் இருந்த தீர்ப்புகளை நம்பி அதிகாரி நல்லெண்ணத்தில் செய்தார் என்று சொல்லித் தண்டனையை உறுதிசெய்துவிட்டார்கள். ஆனால் 2015-க்குப் பிறகு எந்த அதிகாரியும் அப்படிச் சொல்லித் தப்புவது கடினம், சட்டம் தெளிவாகிவிட்டது.

இப்போது எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம். "பதற்றமாக இருந்தார்கள்" என்பார்கள். போலீஸ் விளக்கைப் பார்த்தால் யார்தான் பதறமாட்டார்கள், அதுவும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு அம்மா அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு. வெறும் பதற்றம் மட்டும் போதாது என்பதை நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அதோடு இன்னும் ஏதாவது சேர்ப்பார்கள்: எங்கே போகிறீர்கள் என்பதற்கு நீங்கள் ஒன்று சொன்னீர்கள் உங்கள் மனைவி ஒன்று சொன்னார், காரில் வாசனை அதிகம் இருந்தது, இப்படி. ஊதுவத்தி, சாம்பிராணி, சந்தனம் எல்லாம் கோவிலுக்குப் போகும் காரில் இருக்கத்தான் செய்யும். அதையே 'வாசனையை மறைக்கும் வாசனை' என்று அறிக்கையில் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வாதமும் வரும்: "லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவராக நின்று பேசினார்." இதனால்தான் நீங்கள் "சம்மதமில்லை" என்று சொன்னதும், அதற்கு அவர் "இருங்கள்" என்று சொன்னதும் தங்கம் மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்து பிடித்து வைத்தல் ஆரம்பித்துவிட்டது.

அடுத்து, நாய் உட்கார்ந்த பிறகு நடந்தது. அது நியாயமான சைகை என்றால், காரைச் சோதிக்கத் தக்க முகாந்திரம் கிடைத்துவிட்டது என்று பொருள். வாரண்ட் வேண்டாம், உங்கள் சம்மதமும் வேண்டாம். கார் ஓடிப்போகக்கூடியது என்பதால் 1925-இலிருந்தே இந்த விதிவிலக்கு இருக்கிறது. உள்ளே இருக்கும் பைகளையும், அவை உடன் வந்தவர்களுடையதாக இருந்தாலும், திறக்கலாம். எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. ஆனால் காரில் உட்கார்ந்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவின் சட்டைப்பைக்குள் கைவிட முடியாது. அப்படி ஏதாவது நடந்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சில பெரியவர்கள் வெட்கத்தில் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சைகையை நம்பலாமா என்பதுதான் என்னை ரொம்ப நாளாக உறுத்துவது. சில வருடங்களுக்கு முன் ஒரு வழக்கில் போலீஸ் காரின் கேமரா வீடியோவைப் பார்த்தேன். நாய் காரை ஒரு சுற்று சுற்றி வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு, எங்கேயும் நிற்கவில்லை. நாயைப் பிடித்திருந்தவர் வாரை இழுத்துத் திருப்பிக் கூட்டி வந்தார். ஓட்டுநர் கதவின் விளிம்பை விரலால் தட்டினார். நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. மூன்றாவது முறை அதே இடத்தில் நின்று, இன்னொரு கையை இடுப்பிலிருந்த பைக்குள் விட்டார், அதில்தான் நாய்க்குப் பரிசாகக் கொடுக்கும் பந்து இருக்கும். நாய் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. உட்கார்ந்தது. அறிக்கையில் ஒரே வரி: "நாய் காட்டிக்கொடுத்தது."

நாய் பொய் சொல்லாது, ஆனால் எஜமானைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்த பிராணி அது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 18 நாய்-அதிகாரி ஜோடிகளை ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் தேடவிட்டார்கள். உள்ளே போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை, ஆனால் இருக்கக்கூடும் என்று அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். தப்பான சைகைகள் மட்டும் 225. அதே வருடம் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் அந்த நகரத்தின் புறநகர்ப் போலீஸ் துறைகளின் மூன்று வருடப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, நாய் காட்டிக்கொடுத்த கார்களில் 44 சதவீதத்தில்தான் ஏதாவது கிடைத்திருந்தது. ஓட்டுநர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி என்றால் 27 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை நான் சாதாரணமாகக் கடந்துபோவதில்லை, நீங்களும் கடக்கவேண்டாம், நம் நிறத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அது பேசுகிறது.

நீதிமன்றம் இதை எப்படி எடுத்துக்கொண்டது? 2013-இல் ஹாரிஸ் வழக்கு, ஃப்ளோரிடா, ஆல்டோ என்ற நாய். அது தெருவில் எத்தனை முறை சரியாகச் சொன்னது, எத்தனை முறை தப்பாகச் சொன்னது என்ற பதிவு வேண்டும் என்றது ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது: முறையான பயிற்சியும் சான்றிதழும் இருந்தால் பொதுவாகப் போதும். ஆனால் அந்தப் பயிற்சியையும், அன்றைக்கு நாயை நடத்திய விதத்தையும் கேள்வி கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நாய் உட்கார்ந்தால் எல்லாம் முடிந்தது என்பது அதனால்தான் சரியில்லை. மேலே சொன்ன வீடியோவை நீதிபதி அறையில் மூன்று முறை ஓட்டிக் காட்டித்தான் அந்தச் சோதனையைச் செல்லாததாக்க முடிந்தது.

அதே 2013-இல் வீட்டு வாசல் பற்றியும் ஒரு தீர்ப்பு வந்தது. மயாமியில் ஹார்டீனஸ் என்பவரின் வீட்டுத் திண்ணைக்கு ஃப்ராங்கி என்ற லாப்ரடார் நாயைக் கூட்டிப்போய் மோக்கவிட்டார்கள். அது சோதனைதான், வாரண்ட் இல்லாமல் செய்யக்கூடாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. வாசலில் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போக யாருக்கும் அனுமதி உண்டு, நாயைக் கட்டி இழுத்து வந்து மோக்கவிட இல்லை. மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். மினசோட்டாவில் போக்குவரத்துத் தவறுக்காக நிறுத்திய காரைச் சுற்றி நாயை விடவே சந்தேகத்துக்கு ஒரு அடிப்படை வேண்டும். கஞ்சா சட்டபூர்வமான கொலராடோவில், கஞ்சாவுக்கும் சேர்த்துப் பழக்கிய நாய் மோப்பம் பிடிப்பதே சோதனை என்று 2019-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்சாஸில் அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை, நமக்கு ரோட்ரிகஸ்தான்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அது மனசாட்சிக்குச் சொன்ன பழமொழி. வழியில் போகிற ஒருவர் மடியை அவிழ்த்துக் காட்டு என்றால் காட்டவேண்டும் என்று அது சொல்லவில்லை. நீங்கள் சம்மதித்திருந்தால் சட்டம் கொடுத்த பாதுகாப்பு முழுவதையும் அந்த ஒரு தலையாட்டலில் விட்டுக்கொடுத்திருப்பீர்கள், அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மறுக்கலாம் என்று போலீஸ்காரர் உங்களுக்குச் சொல்லவேண்டிய கடமைகூட இல்லை, 1973-இலேயே அது தீர்ந்த விஷயம். மறுத்ததை மட்டும் வைத்து உங்களைச் சந்தேகப்படவும் முடியாது. மடியில் கனமில்லை என்று நமக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதும் இருக்கிறது. போன வாரம் காரில் வந்த நண்பர் சீட்டுக்கடியில் விட்டுப்போன ஒரு கஞ்சா மிட்டாய், கொலராடோவில் கடையில் வாங்கியது, டெக்சாஸில் அதிலிருக்கும் கஞ்சாச் சாறு ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெருங்குற்றம் ஆகக்கூடும். விசாவில் இருப்பவர்களுக்கு அதோடு முடியாது. சொந்த உபயோகத்துக்கான 30 கிராம் வரை கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை, அதைத் தவிர வேறு எந்தப் போதைப்பொருள் தண்டனையும் நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். ஆகவே இன்னொரு முறை நடந்தாலும் நீங்கள் செய்ததையே செய்யுங்கள், குரலை உயர்த்தாமல், கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் தெளிவாக: "ஐ டு நாட் கன்சென்ட் டு எனி சர்ச். ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" இரண்டாவது வாக்கியத்தை இந்த முறை கேட்கவில்லை, அடுத்த முறை கேளுங்கள். அவர்கள் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள், நாயைத் தொடாதீர்கள், கிளம்பிப் போய்விடவும் வேண்டாம். தப்பைச் சாலையில் நிரூபிக்க முடியாது, அது நீதிமன்ற வேலை.

விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டியை ஒரு குட்டி நாய் முகர்ந்ததே, அதுவும் இப்படியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நாட்டின் எல்லையில், சுங்கத்தில், சந்தேகமே இல்லாமல் பெட்டியைச் சோதிக்க அதிகாரம் உண்டு. அந்த பீகிள் நாய் தேடியது அநேகமாகப் பழமும் இலையும்தான். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரத் தடை, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பதால். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கிரீன் கார்டு பற்றிப் பயப்படவேண்டாம். உங்களைக் கைது செய்யவில்லை, குற்றம் சாட்டவில்லை, எதுவும் கிடைக்கவில்லை. எச்சரிக்கைச் சீட்டு குற்றப்பதிவு ஆகாது. ஆனால் விண்ணப்பப் படிவங்களில் போலீஸ் சம்பந்தமான கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், அது கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள், சீட்டின் நகலை உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.

என்ன செய்யலாம்? ஏதாவது கிடைத்து வழக்குப் போட்டிருந்தால், சட்டவிரோதமாக எடுத்த ஆதாரத்தை ஏற்காதீர்கள் என்று மனுப் போடுவோம். உங்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அந்த வழி இல்லை, குற்றமற்றவர்களுக்குத்தான் இந்தச் சட்டத்தில் பரிகாரம் குறைவு என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். உரிமை மீறல் என்று மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், டெக்சாஸில் அதற்கு இரண்டு வருடம் அவகாசம். செலவும் அலைச்சலும் உண்டு, நஷ்டஈடு பெரிதாக இருக்காது, நன்றாக யோசித்து முடிவெடுங்கள். புகார் கொடுப்பது எளிது. எழுத்தில், கீழே கையெழுத்திட்டுக் கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் மதிக்கமாட்டார்கள்.

இரண்டுக்கும் முன்னால் வீடியோ வேண்டும். அதிகாரியின் உடல் கேமரா பதிவைக் கேட்டு எழுதும்போது தேதியும் உத்தேச நேரமும், இடம், பதிவில் இருக்கும் ஒருவரின் பெயர், இந்த மூன்றையும் குறிப்பிடவேண்டும். பதிவுகளை என்றென்றும் வைத்திருக்கமாட்டார்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மனைவி தோழிக்கு 4:24-க்கு "வார்னிங்தான், கிளம்புகிறோம்" என்றும் 4:48-க்கு "நாய் வந்திருக்கிறது" என்றும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு செய்திகளையும் அழிக்காமல் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் கிடைத்துவிட்டது, எந்த எக்ஸிட்டுக்கு அருகே என்பதுதான் கடிதத்தில் இல்லை. அப்பா அவ்வளவு நேரம் அங்கே நின்றாரே, எதிரே இருந்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அவரைக் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும்.